லைட்டர் இருந்த இடத்தில் சார்ஜர்

கார் டேஷ்போர்டில், கியருக்குச் சற்று மேலே வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். இன்று அதில் செல்போன் சார்ஜரைச் செருகுகிறோம். ஆனால், அது செல்போனுக்காக வந்த ஓட்டை அல்ல, சிகரெட்டுக்காக வந்தது. அதிலிருந்த குமிழை உள்ளே அழுத்தினால், கம்பிச்சுருள் சில நொடிகளில் சிவந்து சூடேறி, 'டக்'கென்று வெளியே துள்ளும். எடுத்துச் சிகரெட் முனையில் வைத்தால் பற்றிக்கொள்ளும். ஓடுகிற காரில் தீப்பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்ற அக்கறையில் செய்த ஏற்பாடு அது. பக்கத்திலேயே, இழுத்தால் வரும் சாம்பல் கிண்ணம். வண்டி ஓட்டுகிறவர் புகைப்பார் என்பதைக் கார் கம்பெனிகள் சும்மா சகித்துக்கொள்ளவில்லை. அதற்கென்று இடம் ஒதுக்கி, மின்சார இணைப்பும் கொடுத்தன.

பிறகு சாம்பல் கிண்ணம் காணாமல் போனது. லைட்டர் குமிழும் போனது. ஓட்டை மட்டும் தங்கிவிட்டது. காருக்குள் 12 வோல்ட் மின்சாரம் கைக்கெட்டும் இடம் அது ஒன்றுதான் என்பதால், செல்போன் வந்தபோது அதே அளவுக்குச் சார்ஜர் செய்தார்கள். பழைய குடித்தனக்காரர் காலி செய்த வீட்டில் புதியவர் அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல் குடிவந்த கதை.

சாலை விபத்து என்றாலே இன்று நாம் செல்போனைத் திட்டுகிறோம். திட்டுவதில் தவறில்லை. ஆனால், ஓட்டுகிறவரின் கையை, கண்ணை, மனதை வெவ்வேறு அளவில் திருடும் சங்கதிகள் காருக்குள் எத்தனையோ உண்டு. அவற்றில் சிகரெட்டை யாரும் சந்தேகப்படுவதேயில்லை. "தூக்கம் வராம இருக்க ஒரு தம்" என்பது நம் நெடுஞ்சாலைகளில் பாதுகாப்பு நடவடிக்கையாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது.

ஒரு தம்முக்குள் எத்தனை வேலை

நிதானமாக எண்ணிப் பாருங்கள். சட்டைப் பையில் பாக்கெட்டைத் தடவ வேண்டும். ஒரு கையால் திறந்து ஒன்றை உருவ வேண்டும். உதட்டில் பொருத்தி, லைட்டரைத் தேடி, காற்று அணைத்துவிடாமல் இருக்கக் கண்ணாடியை ஏற்றி, பற்றவைத்து, புகை போக மறுபடி இறக்க வேண்டும். பற்றவைக்கும் நொடியில் பார்வை சாலையில் இருக்க முடியாது. மூக்கு நுனிக்கு முன்னால் இருக்கும் சுடரில்தான் இருக்கும். இரவென்றால் இன்னொன்றும் சேர்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு முன்னால் திடீரென ஒரு வெளிச்சம் எரிந்து அணைந்தால், தூரத்தில் விளக்கில்லாமல் போகும் மாட்டுவண்டியோ கரும்பு டிராக்டரோ மறுபடி கண்ணுக்குத் தட்டுப்படக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இதற்குப் பிறகாவது நிம்மதியா என்றால் இல்லை. ஒரு கை சிகரெட்டுக்கு என்று ஆகிவிட்டது. கியர் மாற்ற, ஹாரன் அடிக்க, இண்டிகேட்டர் போட எல்லாவற்றுக்கும் மிச்சம் ஒரு கைதான். இழுப்புக்கு இழுப்பு சாம்பல் தட்ட வேண்டும். இப்போதைய கார்களில் கிண்ணம் இல்லை என்பதால் ஜன்னலுக்கு வெளியே தட்ட வேண்டும். வெளியே தட்டியது காற்றில் திரும்பி உள்ளே வரும். கங்கு ஒன்று உதிர்ந்து தொடைக்கும் சீட்டுக்கும் நடுவில் விழுந்தது என்று வையுங்கள். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்திருக்கும் மனிதர் யாரும் பிறக்கவில்லை. செல்போன் மணியடித்தால் எடுக்காமல் விட்டுவிடலாம். சுடும் கங்கை அப்படி விட முடியாது. கையும் கண்ணும் மனமும் மூன்றும் ஒரே நொடியில் சாலையைக் கைவிடும் இடம் அதுதான்.

கடைசியில் துண்டைச் சுண்டி எறிவது. பின்னால் பைக்கில் வருபவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர் முகத்தில் ஒரு பொறி வந்து விழுந்தால் தடுமாறப்போவது அவர். காரோட்டி கண்ணாடியில்கூடப் பார்த்திருக்க மாட்டார். கவனச்சிதறலைக் கை மாற்றி விடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இத்தாலியில் 2007-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, ஓட்டிக்கொண்டே புகைப்பவரின் கவனம் சிதறும் நேரத்தைச் சராசரியாக 12 நொடி என்று அளந்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 160 மீட்டருக்கும் மேல். செல்போனில் எண்ணை அழுத்துவோருக்கு அதே ஆய்வில் கிடைத்தது 10.6 நொடி. பத்துப் பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது, ஆகவே இதைப் பெரிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எதிர்ப் பக்கத்தையும் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1995 முதல் 1999 வரையிலான விபத்துப் பதிவுகளை வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் அலசியபோது, கவனம் சிதறி விபத்துக்குள்ளானவர்களில் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் 0.9 விழுக்காடுதான். 'பாருங்கள், சிகரெட் அப்பாவி' என்று கிளம்புவதற்கு முன் அதே பட்டியலில் செல்போனின் பங்கையும் பார்க்க வேண்டும்: 1.5 விழுக்காடு. ரேடியோவையும் கேசட்டையும் திருகியவர்கள் 11.4. காருக்கு வெளியே எதையோ வேடிக்கை பார்த்தவர்கள் 29.4. அந்தக் காலத்தில் செல்போன் வைத்திருந்தவர்களே குறைவு. ஒரு பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதும், எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். விழுக்காடுகளைப் பார்க்கையில் நாம் எப்போதும் குழப்பிக்கொள்வது இதைத்தான்.

தூக்கத்தை விரட்டும் என்ற நியாயத்துக்கு வருவோம். நிகோடின் மூளையைக் கொஞ்ச நேரம் உசுப்பிவிடும் என்பது உண்மை. ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதும் உண்மை. பழகியவருக்கு அப்போது நமநமவென்று அடுத்த தம்முக்கு மனம் அலையத் தொடங்கும். அதாவது, புகைப்பவர் புகைத்தாலும் கவனம் சிதறும், புகைக்காமல் அடக்கிக்கொண்டாலும் சிதறும். ஏற்றிய கண்ணாடிக்குள் விடும் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு வேறு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே குழந்தை உட்கார்ந்திருந்தால் அதன் நுரையீரலுக்கும் பங்குண்டு. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழானவர் உள்ளே இருக்கும்போது சொந்தக் காரிலும் புகைக்கக் கூடாது என்று 2015 அக்டோபர் 1 முதல் சட்டமே இருக்கிறது. முன்கண்ணாடியின் உட்புறம் மெல்லிய பிசுக்காகப் படிவதும் இந்தப் புகைதான். எதிர் வண்டியின் ஹெட்லைட் பட்டதும் அது பால் கொட்டியதுபோல் வெளுக்கும். தொடர்ந்து புகைப்பவரின் காரில் மழை இரவில் ஒருமுறை முன்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.

கண் இருந்தும்

மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். நான்குவழிச் சாலையில் அது மிதமான வேகம். அந்த வேகத்தில் ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி முழுதாக நிற்க 53 மீட்டர் வேண்டும் என்று பிரிட்டனின் 'ஹைவே கோட்' கணக்குச் சொல்கிறது. அதில் 15 மீட்டர், காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவதற்கு முன்பே கடந்துவிடும் தூரம். நல்ல பிரேக், காய்ந்த சாலை, விழிப்பான ஓட்டுநர் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. குனிந்து சிகரெட் துண்டைத் தேடும் இரண்டு நொடிக்கு இன்னும் 44 மீட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நொடி என்பது சும்மா சொன்ன எண் அல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் நூறு கார்களில் கேமராவும் உணர்கருவிகளும் பொருத்தி, மக்களை அவரவர் போக்கில் ஓட்டவிட்டு மாதக்கணக்கில் பதிவு செய்தது. 2006-ல் முடிவுகள் வெளியாயின. நடந்த மோதல்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில், மோதலுக்கு முந்தைய மூன்று நொடிக்குள் ஓட்டுபவரின் கவனம் வேறெங்கோ போயிருந்தது. சாலையிலிருந்து பார்வையை எடுத்த நேரம் இரண்டு நொடியைத் தாண்டினால் ஆபத்து இரட்டிப்பானது. அதே நிறுவனம் 2009-ல் லாரி ஓட்டுநர்களை ஆராய்ந்தபோது, குறுஞ்செய்தி அனுப்புகிறவருக்கு ஆபத்து 23 மடங்கு கூடியது.

இது கண்ணின் கதை. மனதின் கதை இன்னும் சிக்கல். டொரண்டோ நகரில் 699 ஓட்டுநர்களின் போன் கட்டணப் பதிவுகளையும் விபத்து நேரத்தையும் ஒப்பிட்டு ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். போன் பேசுகையில் மோதும் வாய்ப்பு நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கும் அதில் சலுகை இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு பின்னர் இதற்கான காரணத்தைத் தோண்டியது. காதில் கருவி மாட்டிப் பேசிக்கொண்டே ஓட்டியவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். சாலையோர விளம்பரப் பலகைகளை அவர்கள் நேராகத்தான் பார்த்தார்கள். ஆனால், பிறகு கேட்டால் பார்த்த நினைவே பலருக்கு இல்லை. கண் அங்கே இருந்தது, ஆள் அங்கே இல்லை.

அப்படியானால் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதும் தப்பா? 2008-ல் அதே குழு இதையும் சோதித்தது. குறிப்பிட்ட ஓய்விடம் வந்ததும் சாலையிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்று ஓட்டுபவர்களிடம் சொன்னார்கள். போனில் பேசிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தைத் தவறவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போனவர்களில் தவறவிட்டவர்கள் எட்டில் ஒருவர்தான். பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துகிறார், "இதோ வந்துருச்சு, லெஃப்ட்ல இறங்கு" என்கிறார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு, முன்னால் போகும் பஸ் பிரேக் போட்டது எப்படித் தெரியும்?

நம்மூர் லாரித் தொழிலில் இதற்கு யூட்டா ஆய்வு தேவைப்படவில்லை. கிளீனர் என்று ஒரு பையன் இருந்தான். கிளீனர் என்பது பெயருக்குத்தான். துடைப்பதைவிட அவன் பார்ப்பதுதான் அதிகம். இடப்பக்கம் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பான், ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிக் குரல் கொடுப்பான். பீடியைப் பற்றவைத்து டிரைவர் உதட்டில் வைப்பவனும், தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுபவனும், கண் சொருகினால் தொடையைத் தட்டி எழுப்புபவனும் அவன்தான். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பழைய லாரி முதலாளிகளைக் கேட்டால் கிளீனராகத் தொடங்கியவர்கள் பலர் கிடைப்பார்கள். இன்று அந்த வேலைக்குப் பையன்கள் வருவதில்லை. இன்னொரு ஆளுக்குச் சம்பளமும் பேட்டாவும் கொடுக்க முதலாளிக்கும் கட்டுப்படியாவதில்லை. டிரைவர் தனியாளாகப் போகிறார். கிளீனரின் வேலை எதுவும் குறையவில்லை. அத்தனையும், கூடவே செல்போனும், ஓட்டுகிறவரின் இரண்டு கைகளுக்கே வந்து சேர்ந்துவிட்டன. தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் எடை ஏற்றிய வண்டியைக் கியரில் பிடித்து இறக்கும் மனிதருக்கு இது.

படிவத்தில் இல்லாத கட்டம்

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் அந்த ஆண்டு முதலிடம்: 64,105. உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884 பேர். காரணம் என்ன என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், பத்து மரணத்தில் ஏழு 'அதிவேகம்' என்ற தலைப்பின் கீழ் போய் விழுகிறது. செல்போன் என்ற தலைப்பில் 2021-ல் பதிவானவை 1,997 விபத்துகள், 1,040 மரணங்கள்.

ஆயிரத்து நாற்பது என்பது நம்பும்படியாகவா இருக்கிறது? சென்னை அண்ணா சாலையில் பத்து நிமிடம் நின்று வேடிக்கை பார்த்தவர் யாரும் நம்ப மாட்டார். இது யாருடைய பொய்யும் அல்ல, கணக்கு எடுக்கப்படும் விதம் அப்படி. விபத்து நடந்த இடத்துக்கு வரும் போலீஸ்காரர் அங்கே பார்ப்பது நசுங்கிய வண்டியையும் பிரேக் தடத்தையும். ஓட்டியவர் பிழைத்திருந்தால் "திடீர்னு குறுக்கே வந்துட்டான் சார்" என்பார். இறந்திருந்தால் எதுவும் சொல்லப் போவதில்லை. வழக்கு பெரிதானால் போன் அழைப்புப் பதிவுகளை வாங்கிப் பார்க்கலாம். சிகரெட்டுக்கு அப்படி ஒரு பதிவு எங்கும் இல்லை. பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுத்ததற்கும், மடியில் சிந்திய டீக்கும், காலையில் வீட்டில் நடந்த சண்டைக்கும்கூட இல்லை. எழுத இடமில்லாதது எல்லாம் 'அதிவேகம்' ஆகிறது. சரியான வேகத்தில் போய், இரண்டு நொடி தாமதமாக மிதித்தவரும் அதில்தான் சேர்கிறார்.

சட்டமும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பிடிக்கிறது. 2018 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம், போன் பேசிக்கொண்டு ஓட்டுவது, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்காதவரை, கேரள போலீஸ் சட்டப்படி தன்னளவில் குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது; அதைத் தடை செய்யும் வாசகம் அந்தச் சட்டத்தில் இல்லை என்பதே காரணம். அடுத்த ஆண்டே மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. 2019 செப்டம்பர் 1 முதல், கையில் பிடிக்கும் தொலைத்தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது 184-ம் பிரிவின்கீழ் ஆபத்தான ஓட்டுதல். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ. 2020 அக்டோபரில் விதி மேலும் ஒரு படி இறங்கி வந்தது: கவனத்தைக் கலைக்காத வகையில் வழி பார்க்க மட்டும் கருவியைப் பயன்படுத்தலாம். 'கவனத்தைக் கலைக்காத வகையில்' என்பதைக் கத்திப்பாரா மேம்பாலத்தின் மேல் நின்று எந்தக் காவலர் அளப்பார்?

சிகரெட்டைப் பற்றி மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21-ம் விதியில் ஒரு வரி உண்டு. பயணிகளை ஏற்றிச் செல்லும் பொது வாகனத்தை ஓட்டிக்கொண்டே புகைத்தால் உரிமத்தைப் பறிக்கலாம். 2003-ம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி பொது வாகனத்தில் யார் புகைத்தாலும் 200 ரூபாய் வரை அபராதம். பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் இது பொருந்தும்; சொந்தக் கார் ஓட்டுபவரைப் பற்றி அந்த வரிகள் வாய் திறப்பதில்லை. பிரிட்டனின் ஹைவே கோட் 148-ம் விதி மட்டும், உரத்த பாட்டு, சாப்பாடு, பக்கத்தில் இருப்பவரோடு வாக்குவாதம் என்று எல்லாவற்றையும் அடுக்கி, கடைசியில் புகைப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கேயும், 18 வயதுக்குக் கீழானவர் உள்ளே இல்லாதவரை, சொந்தக் காரில் புகைத்ததற்காகத் தனி அபராதம் இல்லை. வண்டி தடுமாறினால் கவனமின்றி ஓட்டிய குற்றமாகும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கையில் என்ன இருந்தது என்பதைவிட, வண்டி எப்படிப் போனது என்பதல்லவா பின்னால் வருபவனுக்கு முக்கியம்.

அந்தப் பக்கம் யார்?

போனை எடுத்த ஓட்டுநரை எல்லோரும் திட்டுகிறோம். அந்த போனுக்குக் கூப்பிட்டது யார் என்று கேட்பதில்லை. "எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று வீட்டிலிருந்து ஒரு அழைப்பு. எடுக்காவிட்டால் பதறிப்போய் இன்னும் மூன்று அழைப்பு. "லோடு எத்தனை மணிக்கு இறங்கும்?" என்று புக்கிங் ஆபீஸ். "லொக்கேஷன் அனுப்பு" என்று சரக்குக்காரர். இவர்களில் யாருக்கும் அந்த நேரம் அவர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது தெரியாமல் இல்லை.

கால் டாக்ஸிக்காரரின் டேஷ்போர்டைப் பாருங்கள். ஒரு போனில் வழி ஓடுகிறது, இன்னொன்றில் வேறொரு கம்பெனியின் செயலி. உங்களை இறக்கிவிடும் முன்பே அடுத்த சவாரி திரையில் மின்னத் தொடங்கும். ஓரத்தில் வட்டம் ஒன்று குறுகிக்கொண்டே வரும். அது மறைவதற்குள் தொட வேண்டும், இல்லையென்றால் சவாரி வேறொருவருக்குப் போய்விடும். இரண்டு நொடிக்கு மேல் பார்வையை எடுக்காதே என்று அறிவியல் சொல்கிறது. சில நொடிக்குள் படித்து, தூரத்தைக் கணக்கிட்டு, முடிவெடுத்துத் தொடு என்று செயலி சொல்கிறது. மாதத் தவணை கட்ட வேண்டியவர் எதைக் கேட்பார்? மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட வாடகைக் கார் நிறுவனங்களுக்கான வழிகாட்டுதல், ஓட்டுநர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் செயலியில் இருக்கக் கூடாது என்றது. அந்த 12 மணி நேரத்துக்குள் வண்டி ஓடும்போது எத்தனை முறை திரையைத் தொடவைக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வைத்தால் என்ன?

கார் கம்பெனிகளும் இந்த வரிசையில் நிற்கின்றன. ஏ.சி. கூட்ட முன்பு ஒரு திருகு இருந்தது. பார்க்காமலே கை போகும். இப்போது திரைக்குள் போய், படம் பார்த்து, சறுக்கி, அழுத்த வேண்டும். ஸ்வீடனின் 'வி பீலாகரே' என்ற கார் இதழ் 2022-ல் ஒரு சோதனை வைத்தது. மணிக்கு 110 கிலோமீட்டரில் போய்க்கொண்டே சீட்டைச் சூடாக்குவது, ரேடியோ மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். 2005-ம் ஆண்டின் பழைய வால்வோ வி70-ல், வெறும் பொத்தான்களால், 10 நொடியில் முடிந்தது. கார் போன தூரம் 306 மீட்டர். புத்தம் புதிய எம்.ஜி. மார்வெல் ஆர் காரின் தொடுதிரையில் 44.9 நொடி. தூரம் 1,372 மீட்டர். ஐரோப்பாவின் கார் பாதுகாப்புத் தர அமைப்பான யூரோ என்கேப் இதற்கு ஒரு பிடி போட்டிருக்கிறது: 2026 முதல் ஐந்து நட்சத்திரம் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு இவற்றுக்கு நிஜப் பொத்தான் வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய நம் பாரத் என்கேப்பின் நட்சத்திரங்கள் முக்கியமாகப் பார்ப்பது, மோதிய பிறகு உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதை. ஷோரூம்களிலோ திரையின் அங்குலத்தைச் சொல்லித்தான் வண்டி விற்கிறார்கள்.

புகைத்தே ஆக வேண்டும், டீ குடித்தே ஆக வேண்டும், வீட்டுக்குப் பேசியே ஆக வேண்டும் என்றால் வண்டியை நிறுத்துவதுதான் வழி. ஆனால், எங்கே நிறுத்துவது என்பதும் சேர்ந்தே வருகிற கேள்வி. நெடுஞ்சாலை ஓரமாக ஒதுங்கி நின்ற லாரியின் பின்னால் வேன் மோதியது என்ற செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. லாரிகளுக்கென்று ஒதுக்கிய நிறுத்துமிடம், பெட்ரோல் பங்க், ஹோட்டல் வாசல் இவை தவிர மற்ற இடத்தில் நிற்பது, ஓட்டிக்கொண்டே புகைப்பதைவிடப் பத்திரமானது என்று சொல்ல முடியாது. அந்த நிறுத்துமிடங்களில் வெளிச்சமும் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தால் டிரைவர் இறங்குவார். இருட்டாக இருந்தால் டீசல் திருட்டுக்குப் பயந்து அடுத்த டோல்கேட்வரை ஓட்டிக்கொண்டே போவார், வாயில் பீடியோடு.

ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே சொன்னது. லோடு பேசும்போது கிலோமீட்டர், டீசல், டோல், பேட்டா என்று எல்லாவற்றையும் கணக்கில் எழுதுகிறார்கள். அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் இன்னும் யாரும் வாடகை பேசவில்லை.